மூடிக்கொண்ட காடு

என் வீட்டுக்காரர் சிவசண்முகம் போய், காரியமெல்லாம் முடிந்து, உறவுக்காரர்கள் அவரவர் ஊருக்குக் கிளம்பிய மறுநாள் மாடுகளை ஓட்டிக்கொண்டு காட்டுக்குப் போனேன். வேலிக் கடவைத் தள்ளி உள்ளே கால் வைத்ததும் ஒரு வாடை வந்தது. பச்சைப் பாக்கைக் கடித்தால் நாக்கைப் பிடித்து இழுக்குமே, அந்தத் துவர்ப்பு வாடை. காற்று துளிகூட இல்லை. ஆனாலும் வாடை எனக்கு முன்னால் போனது. கடவோரத்து மரத்திலிருந்து அடுத்த மரம், அதிலிருந்து அதற்கடுத்த மரம் என்று, ஒருத்தர் காதில் ஒருத்தர் சொல்லிவிடுவதுபோலக் கடைசி வேலி வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

மயிலைதான் எப்போதும் முன்னால் போகிற மாடு. அப்போது நிறை சினை. தாழ்ந்த கிளையில் ஒரு வாய் கடித்தாள், இரண்டு மெல்லு மென்றாள், அப்படியே துப்பிவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தக் காட்டில் அவள் ஒருநாளும் தழையைத் துப்பியதில்லை.

எங்கள் பக்கத்தில் காடு என்றால் புலி உலாவுகிற காடு இல்லை. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேல மரம், ஓர் ஓரத்தில் மழை பெய்தால் கம்போ கொள்ளோ விதைக்கிற துண்டு நிலம். கொரங்காடு என்போம். மழை பொய்த்து, காடெல்லாம் சைட்டு போட்டு விற்கிற நிலைமைக்கு வந்தபோது அரசாங்கம் மரப்படித் திட்டம் கொண்டுவந்தது. மரம், மாடு, பயிர் மூன்றையும் ஒரே காட்டில் வைத்திருப்பவர்களுக்கு நாற்று, கோடைக்குத் தண்ணீர், மாட்டு வைத்தியம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. எங்கள் ஊர் இன்னும் ஊராக இருப்பதே அதனால்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் நம் ஆட்களைத்தான் தெரியுமே. நாற்றை நட்டுப் போட்டோ பிடித்த மறுமாதமே காட்டை எவனுக்கோ விட்டுவிட்டு டவுனில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். அதற்குப் பிறகுதான் ஆளை அடையாளம் தெரிந்த வெள்வேல மரம் வந்தது.

அந்த மரத்துக்கு ஒரு காவலர் உண்டு. பட்டா யார் பேரிலோ அவர்தான் மரக்காவலர். அந்த ஆள் காட்டுக்குள் நடந்தால் தழை இனிக்கும், காய் பொலபொலவென்று உதிரும். வேற்றாள் நுழைந்தால் மரம் மூடிக்கொள்ளும். எங்கள் காட்டுக்குக் காவலர் என் வீட்டுக்காரர். நடவு நாளன்று கழுத்தில் மாலையோடு அவர் காட்டைச் சுற்றி நடந்த போட்டோ எங்கள் வீட்டு முன்கட்டு ஆசாரத்தில் மாட்டியிருக்கிறது. ஆள் நல்ல வாட்டசாட்டம். வெள்ளை வேட்டி கசங்காது. மரத்தைப் பற்றி அவர் மைக்கில் பேசினால் மந்திரிகூடக் கைதட்டுவார்.

ஆக, காடு மூடிக்கொண்ட சேதி ஊருக்குள் போனதும் எல்லோருக்கும் சட்டென்று விளங்கிவிட்டது. "மரமெல்லாம் அவரத் தேடுது" என்றார்கள். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அவர் இருந்தவரைக்கும் எனக்கு எல்லாம் திறந்திருந்தது. விசேஷ வீடு, கோயில் வாசல், சொந்தக்காரர் வாய், எல்லாம். அவர் போனதும் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. மரமும் சாத்திக்கொண்டது, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

*

திட்டத்து அலுவலகத்திலிருந்து நவநீதன் என்கிற ஆபீசர் வந்தார். கோயமுத்தூர்க்காரர், முப்பது வயசு இருக்கும். கையில் குடைக்கம்பிபோல ஒரு கருவி. அதை மரத்தடியில் குத்திவைத்து, என்னை இப்படி நட, அப்படி நட என்றார். முள்ளுக்குப் பயந்து ரப்பர் செருப்போடு பூனைபோல நடந்தேன். அதற்கே வாடை குப்பென்று கிளம்பியது. என் கொழுந்தன் தண்டபாணி கடவில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"இது எப்படிங்க, மரத்துக்கு ஆளு தெரியுது?" என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் யாரும் எனக்கு அதைச் சொன்னதில்லை.

"வெள்வேலத்துக்கு இது புதுசு இல்லீங்கம்மா" என்றார். "மாடு அளவுக்கு மிஞ்சிக் கடிச்சா, எலையில துவர்ப்ப ஏத்திக்கும். பக்கத்து மரத்துக்கும் வாசத்துலயே சொல்லியுட்டுரும். அது காலங்காலமா இருக்கறதுதான். நாங்க பண்ணுனது ஒண்ணே ஒண்ணு. வேருக்குக் காது குடுத்தோம். மேல நடக்கற காலோட அதிர்வு அதுக்குக் கேக்கும். மரம் கன்னா இருக்கறப்ப மூணு வருசம் எந்தக் காலு தெனமும் நடக்குதோ, அதத் தன்னோட ஆளுன்னு புடிச்சுக்கும்."

"அத மறக்க வெக்க முடியாதுங்களா?"

"முடியாதுங்கம்மா. மரத்தோட வைரத்துல ஏறிப் போயிருது. மரம் இருக்கற வரைக்கும் இருக்கும்."

"அப்ப ஆளு செத்துப் போனா?"

அவர் கம்பியைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். சிரிப்பில் சந்தோஷம் இல்லை. "திட்டம் போட்டவங்க எல்லாம் சின்ன வயசுக்காரங்க. அந்த யோசன அவங்களுக்கு வரல" என்றார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, "இதுல ஒரு வேடிக்க என்னன்னா, காவலர் செத்து மூடுன காடு கம்மிதாங்க. காவலர் கல்லாட்டம் இருக்கறப்பவே மூடிக்கிட்ட காடுதான் ஜாஸ்தி. செங்காட்டுப்புதூர், ஊஞ்சவலசுப் பக்கமெல்லாம் அப்படித்தான். வேர்நோயின்னு முடிவு பண்ணி வெட்டியாச்சு" என்றார்.

விதியையும் அவரே சொன்னார். ஆடி நோம்பிக்குள் மரம் யாரையாவது ஏற்றுக்கொண்டால் அவர்தான் அடுத்த காவலர், காடு அவர் பராமரிப்பு. யாரையும் ஏற்காவிட்டால் மூடிய காடு என்று எழுதி மரத்தையெல்லாம் வெட்டுவார்கள். புது நாற்று வைத்து, குடும்பத்தில் ஓர் ஆம்பிளை பேருக்குக் காவல் மாறும். நாற்று வளர்கிற மூன்று வருஷம் அலுவலகம் சொல்கிற மாடுதான் உள்ளே வரலாம்.

"அந்த மூணு வருசம் என் மாடெல்லாம் என்ன பண்ணும்? விரதம் இருக்குமா?" என்றேன்.

தண்டபாணி முந்திக்கொண்டான். "குடுத்துட்டா ஆச்சு நங்கை. நீங்க தனியாளா எத்தனதான் பாப்பீங்க? காட்டுப் பொறுப்ப நான் எடுத்துக்கறேன். மயிலைக்கு நல்ல கிராக்கி இருக்குது."

அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள். கேட்க மரியாதையாக இருக்கும். கிடேரியாக வாங்கி, மாடு கட்டுகிற கட்டுத்தாரையில் என் கையால் தவிடும் புண்ணாக்கும் கரைத்து வைத்து வளர்த்தவள் மயிலை. அவளை விற்றால் எனக்கு அந்த வீட்டில் விடிந்தால் எழுந்திருக்க ஒரு காரணம் இல்லை. அதை எப்படி இவனிடம் சொல்வது?

*

தண்டபாணி முயற்சி செய்யாமல் விடுவானா? ஒரு நல்ல நாள் பார்த்து, அண்ணனுடைய வெள்ளை வேட்டியைக் கட்டி, அண்ணன் பூசுகிற பவுடரைப் பூசி, அண்ணன் மாதிரியே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காட்டுக்குள் நடந்தான். ஊர் கடவில் நின்று வேடிக்கை பார்த்தது. பத்து எட்டு வைப்பதற்குள் வாடை கிளம்பியது பாருங்கள், என்னிடம் காட்டினதெல்லாம் ஒன்றுமே இல்லை. எங்கள் காரிக்காளை தும்மிக்கொண்டு வேலியைத் தாண்டி ஓடிவிட்டது. இவன் கண்ணில் நீர் வழிய வெளியே வந்தான்.

"அண்ணன் கோவமா இருக்குது" என்றான்.

"செத்தும் ஆளு அசர மாட்டீங்கறாரு" என்றது ஊர்.

அவர் கோபம் ஆறட்டும் என்று காட்டின் நடுவில் அவர் பேர் வெட்டி ஒரு கல் நட்டார்கள். பூசாரியைக் கூட்டிவந்து பொங்கல் வைத்தார்கள். மரத்துக்கெல்லாம் மாலை போட்டார்கள். மாலை காய்ந்ததுதான் மிச்சம். "நீ போய்க் கேளு அம்மிணி. கட்டுனவ கேட்டாத்தான் மனசு எறங்கும்" என்று என்னைத் தள்ளிவிட்டார்கள்.

பொழுது சாயும்போது தினமும் போய் நின்றேன். அந்த நேரத்தில் வெள்வேல இலை தானாகவே கூம்பும். எத்தனையோ வருஷமாகப் பார்த்ததுதான். ஆனால் அந்த நாட்களில் அது எனக்காகவே கூம்புவதுபோல இருக்கும். நான் நிற்கிற இடத்திலிருந்து ஆரம்பித்து வட்டம் வட்டமாக விலகிப் போகும் அந்த வாடை. எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்கு முன்னால் போய் நிற்கும். உயிரோடு இருந்தபோது அவர் ஒருநாள்கூட எனக்கு முன்னால் காட்டுக்கு வந்து காத்திருந்ததில்லை.

எனக்குப் பயம். சொல்வதற்கு என்ன வெட்கம்? முதுகில் யாரோ பார்க்கிற மாதிரி இருக்கும். ஆனாலும் வாயை அடக்க முடியாது எனக்கு.

"ஏனுங்க, செத்தும் ஒரு வாய்த் தழ குடுக்க மாட்டீங்களா? நான் உங்களுக்கு என்ன கொற வெச்சேன்? சினை மாட்டப் பட்டினி போட்டு என்ன சாதிக்கப் போறீங்க?" என்று அந்தக் கல்லைப் பார்த்துக் கத்தினேன்.

கத்திவிட்டு அழுதேன். வாடை கொஞ்சம்கூடக் குறையவில்லை.

மயிலைக்கு விலாவெலும்பு தெரிய ஆரம்பித்தது. காய்ந்த சோளத்தட்டு எத்தனை நாளைக்கு வரும்? மடி விட வேண்டிய நேரத்தில் மடி வற்றிக் கிடந்தது. கன்று உள்ளேயே போய்விடும் என்று டாக்டர் கையை விரித்தார். தண்டபாணி ஒரு தரகரைக் கூட்டிவந்து கட்டுத்தாரையில் நிறுத்தினான். அந்தாள் மயிலையின் பல்லைப் பிடித்துப் பார்த்தபோது, சீமாற்றை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஓடிவிட்டான்.

*

கிழக்கு வேலிப் பக்கம் மட்டும் ஒரு விஷயம் நடந்துகொண்டிருந்தது. காலையில் பார்த்தால் அந்த வரிசை மரத்தடியில் காய் உதிர்ந்து கிடக்கும். புதிதாக விழுந்த காய். மற்ற இடத்தில் தொரட்டி போட்டு இழுத்தாலும் ஒரு காய் விழாது. அங்கே தழையைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தேன், துவர்ப்பு பாதிதான் இருந்தது. மாட்டை ஓட்டி வருவதற்குள் அதுவும் ஏறிவிடும்.

அந்த வேலிக்கு வெளியே ஓர் இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவை, நடுவில் வண்டித்தடம். அது நேராக ஊர்ப் பள்ளத்துக்குப் போகிறது. செத்தவர் படுத்த பாய், தலையணை, உடுத்திய துணி எல்லாவற்றையும் மூட்டை கட்டி அந்தப் பள்ளத்தில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவது எங்கள் ஊர் வழக்கம். அவருடையதையும் அங்கேதான் போட்டார்கள். தண்டபாணிதான் மூட்டை கட்டினான். பாய், வேட்டி, சட்டை, டவுனுக்குப் போடுகிற செருப்பு, காட்டுக்கென்று வாங்கின டயர் செருப்பு, ஒன்று விடவில்லை. நான் ஆசாரத்து மூலையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு என்னிடம் யார் எதைக் கேட்டார்கள்?

"பள்ளத்துல இருந்து இட்டேரி வழியா வந்து போறாரு. காட்டுக்குள்ள வரத்தான் மனசில்ல" என்றது ஊர். பொழுது விழுந்தால் அந்த இட்டேரியில் ஆள் நடமாட்டம் நின்றுபோனது.

ஆடி நோம்பிக்கு இன்னும் இரண்டு நாள்தான். வருவது அவராகவே இருக்கட்டும், மூஞ்சியைப் பார்த்துக் கேட்டுவிடுவது என்று கிளம்பினேன். விடியற்காலை, பொழுது கிளம்புகிற நேரம். கிழக்கு வேலிக்கு உள்பக்கமாக ஒரு மரத்தடியில் போய் அசையாமல் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் கேட்டது. தூரத்து மரத்தில் சடசடவென்று காய் விழுந்தது. நின்றது. அடுத்த மரத்தில் விழுந்தது. பிறகு அதற்கடுத்த மரம். வரிசையாக, ஓர் ஆள் நடக்கிற வேகத்தில், என்னைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். என் தலைக்கு மேலிருந்த மரம் உலுக்கினதுபோல ஒரு தரம் ஆடி, மடியில் காயைக் கொட்டியது.

"ந்தா, ந்தா, போற பாரு மூதேவி" என்று வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு குரல்.

பேய் ஆட்டை அதட்டுமா? எட்டிப் பார்த்தேன். மகேசு. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறவள். பத்து வெள்ளாடு வைத்து மேய்க்கிறவள். வேலிச் சந்தில் மூஞ்சியை நுழைத்து அவளுடைய ஆடுகள் என் காயைத் தின்றுகொண்டிருந்தன.

"ஐயோ, கோகிலாக்காவா? ஏனக்கா இப்படிப் பேயாட்டம் உக்காந்திருக்கற? எனக்கு உசுரே போயிருச்சு" என்றாள்.

"நீயாடி தெனமும் வர்றது?"

"நாந்தான். ஊருக்குள்ள ஆரும் வராம இருக்கறது எனக்கு வசதியாப் போச்சு. கீழ விழுந்த காய்தானக்கா? நானா உலுக்கல. சத்தியமா அதா உழுகுது."

அப்போதுதான் அவள் காலைப் பார்த்தேன். தடித்த டயர் செருப்பு. பெருவிரல் வாரில் செம்புக் கம்பி சுற்றியிருந்தது. அந்தக் கம்பியைச் சுற்றினது நான்.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவள் காலை மடக்கிக்கொண்டாள். "பள்ளத்துல கெடந்துச்சு. செத்தவர் செருப்புன்னு தெரிஞ்சுதான் எடுத்தேன். முள்ளுக்குத் தெரியுமாக்கா ஆரு செருப்புன்னு? வையாத."

"வையல. கழட்டிக் குடு, பாக்கறேன்."

வேலிக்கு மேலே நீட்டினாள். வாங்கித் திருப்பிப் பார்த்தேன். ஆம்பிளைச் செருப்பு, என் காலைவிட நாலு விரல்கடை நீளம். ஆனால் உள்பக்கம் தேய்ந்திருந்த தடம் சின்னது. குதிகால் பள்ளம் செருப்பின் பின்நுனிக்கு எட்டாமல் முன்னாலேயே விழுந்திருந்தது. ஐந்து விரலும் பதிந்திருந்தது முன்வாருக்குக் கீழே, உள்ளே தள்ளி.

"ஆம்பளைக்கி வாங்குனத பொம்பளயில்ல போட்டுத் தேச்சிருக்கறா" என்றாள் மகேசு. "அதனாலதான் எங்காலுக்குப் பாங்கா இருக்குது. ஆருக்கா அது?"

அந்தச் செருப்பை அவர் வாங்கிவந்த நாள் ஞாபகம் வந்தது. மரக்காவலருக்குக் காட்டுச் செருப்பு இல்லாமலா என்று வெள்ளகோயிலில் சொல்லிச் செய்து வாங்கினார். நடவு நாளன்று ஒரு சுற்று நடந்தார். கணுக்காலைக் கடிக்கிறது என்று கடவில் கழற்றிப் போட்டார். மறுநாள் காலை வெறுங்காலோடு போன எனக்குக் கருவேல முள் ஏறி, இரத்தம் வடிந்தபோது, சும்மாதானே கிடக்கிறது என்று நான் அதற்குள் காலை விட்டேன். அன்றிலிருந்து தினமும் விட்டேன். நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றப் போனது அதில்தான். மாடு ஓட்டினது, வேலி கட்டினது, கிளை கழித்தது எல்லாம் அதில்தான். திரும்பி வந்தால் வாசலில் அவர் செருப்பு வைக்கிற இடத்தில் வைத்துவிடுவேன். அவர் செருப்பு என்றேதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதைப் போட்டுக்கொண்டு நடந்தேன். அந்தச் செருப்பில் பூனைநடை வராது, தொம் தொம் என்றுதான் நடக்க முடியும். முதல் மரம் சலசலத்தது. துவர்ப்பு வரும் என்று மூச்சை அடக்கிக்கொண்டேன். வரவில்லை. காய் விழுந்தது. அடுத்த மரத்திலும் விழுந்தது. நான் நடக்க நடக்க, கூம்பியிருந்த இலையெல்லாம் விரிந்து, முற்றின வேலங்காய் வாசம் காடு முழுக்கக் கிளம்பியது. அவர் பேர் வெட்டின கல்லைத் தாண்டிக் கடைசி வேலி வரைக்கும் போய்த் திரும்பினேன். பின்னால், தலையில், முதுகில் எல்லாம் காய். மகேசு வேலிமேல் தொற்றிக்கொண்டு வாயைப் பிளந்துகொண்டிருந்தாள்.

கல்லுப் பக்கத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவர் போனபோதுகூட அப்படி அழவில்லை. இத்தனை நாளும் இந்த மரங்கள் தேடினது என்னை. நான் எங்கே போனேன் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கின்றன. நானோ அவற்றின் நடுவில் நின்றுகொண்டு, அவரிடம் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

*

ஆடி நோம்பியன்று நவநீதன் மரம் வெட்டுகிற வண்டியோடுதான் வந்தார். மயிலை கழுத்தை நீட்டித் தழை இழுத்துக்கொண்டிருந்ததைக் கடவிலிருந்து பார்த்தவர் வண்டியை அங்கேயே நிறுத்தச் சொல்லிவிட்டார். கம்பியைக் குத்திவைத்து என்னை நடக்கச் சொன்னார். நடந்தேன்.

"உங்க வீட்டுக்காரர் எத்தன கிலோ இருப்பாருங்க?" என்றார், கம்பியைப் பார்த்தபடியே.

"எம்பதுக்கு மேல இருக்குமுங்க."

"இந்த மரத்துக்குள்ள இருக்கற காலோட கனம் அதுல பாதிதான். அப்பவே கருவி காட்டுச்சு. பழுதுன்னு நெனச்சு அந்தக் கணக்க அடிச்சுட்டேன்" என்றார்.

தண்டபாணி விடவில்லை. "செருப்பு அண்ணனுதுதானுங்க சார்? அப்ப மரம் அண்ணனத்தான..."

"போட்டு நடந்து பாருங்க" என்றார் ஆபீசர். நான் கழற்றிக் கொடுத்தேன். அவன் போட்டு நாலு எட்டு வைத்தான். காரிக்காளை இந்தத் தடவை முன்கூட்டியே ஓடிவிட்டது. அவன் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே போனான்.

"காவலர் நீங்கதாங்கம்மா. மரம் வெச்சதுல இருந்தே நீங்கதான்" என்றார் நவநீதன். பிறகு நடுவிலிருந்த கல்லைக் காட்டி, "இத எடுத்தரச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டார்.

"இருந்துட்டுப் போகட்டும். மாடு ஒடம்பு ஒரசிக்க ஒரு கல்லு வேணுமின்னு ரொம்ப நாளாச் சொல்லிட்டிருந்தேன்" என்றேன். காரி அதற்குள் திரும்பி வந்து அதில் கழுத்தைத் தேய்க்க ஆரம்பித்திருந்தது.

அவர் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. மரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"காவலர் உசுரோட இருக்கறப்பவே மூடிக்கிட்ட காடுன்னு சொன்னேனுங்களே" என்றார். "அங்கெல்லாம் மண்ணச் சோதிச்சோம், வேரச் சோதிச்சோம். அந்த வீட்டுல ஆராவது செத்தாங்களான்னு ஒருத்தருங்கூடக் கேக்கல."

போனை எடுத்து ஒரு நம்பரைப் போட்டார். செங்காட்டுப்புதூர்க்காரர் எடுத்தார். காது கேட்காத மனிதர் போலிருக்கிறது, அந்தப் பக்கத்துச் சத்தம் எனக்கே கேட்டது. வணக்கம் சொல்லிவிட்டு நவநீதன் கேட்டார். "உங்க காடு மூடிக்கிட்ட சமயத்துல, வீட்டுல ஏதாச்சும் துக்கம் நடந்துச்சுங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்களே" என்றது அந்தக் குரல். "அந்தச் சமயம் எம்பொண்டாட்டி போய்ட்டா, அவ்வளவுதான். அதுக்கும் காட்டுக்கும் என்னங்க?"

நவநீதன் போனை வைத்துவிட்டு, ஊஞ்சவலசு நம்பரைத் தேடினார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு மயிலைக்குத் தண்ணீர் காட்டப் போனேன்.